இடம் வலமான ஸ்கேன் படங்கள்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பேன், பழைய போட்டோக்களைச் சரிசெய்வேன். ஒருநாள் சாயங்காலம் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பூ விவசாயி ஒருவர் சி.டி. ஒன்றோடு வந்தார். அவர் மனைவிக்கு எடுத்த வயிற்று ஸ்கேன்.

“மதுரை டாக்டரு கம்ப்யூட்டர்ல இது தொறக்கலயாம் தாயி. சாதா போட்டோவா மாத்திக் கொண்டாரச் சொன்னாரு. கிட்னில கட்டியாம், நாளைக்குப் பார்த்துட்டு ஆபரேசனுக்கு நாள் குறிக்கணும்.”

ஸ்கேன் மெஷினுக்கே உரிய ஏதோ ஒரு வகைக் கோப்புகள் அவை. எங்களிடம் இருந்த எதிலும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு மென்பொருள்தான் கடைசியில் திறந்தது. படங்கள் தலைகீழாக வந்தன. நோயாளி படுத்திருந்த பலகை மேலே தெரிந்தது. எல்லாவற்றையும் அரைச்சுற்று சுற்றி நிமிர்த்திப் பதிந்து கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, மாற்றாமல் விட்ட ஒரு படம் கண்ணில் பட்டது. மார்பிலிருந்து இடுப்புவரை தெரியும் படம். அதையும் சுற்றி நிமிர்த்தினேன். ஓரத்தில் இருந்த ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது. படங்கள் தண்ணீரில் விழும் நிழல்போல் மேல்கீழாகக் கவிழ்ந்து வந்திருக்கின்றன. அவற்றை நான் மறுபடி மேல்கீழாகக் கவிழ்த்தல்லவா நிமிர்த்தியிருக்க வேண்டும்? சுற்றியதில் வலது இடதாகிவிட்டது.

அவர் சொல்லியிருந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். டாக்டர் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று வைத்துவிட்டார்கள். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் மதுரை பஸ் ஏறினேன். கொடைரோடு தாண்டும்வரை முன் சீட்டுக் கம்பியை விடவேயில்லை.

டாக்டர் அறை வாசலில் பூ விவசாயி மட்டும் உட்கார்ந்திருந்தார். மனைவியை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து கதவைத் தள்ளினார்.

நான் சொன்னதைக் கேட்ட டாக்டர், மேசைமேல் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். அதில் ‘வலது’ என்று அச்சாகியிருந்த இடத்தைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘இடது’ என்று எழுதியிருந்தார்.

“ரிப்போர்ட்ல டைப் பண்ணவங்கதான் தப்பாப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்மா,” என்றார். உடனே வேறொரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் விவசாயி கேட்டார்: “நீ வராம இருந்திருந்தா?”

“மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அக்காவிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, சேலையை விலக்கி, வலது விலாவுக்குக் கீழே போட்டிருந்த கட்டைக் காட்டினாள்.

“இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சிருக்காக, பாரு. நீதான் படமெல்லாம் போட்டுக் குடுத்தியாமே? நல்லா இருப்ப ஆத்தா.”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.