முகாமுக்குப் போன தண்ணீர் வண்டி

ஆண்டவரை நம்புகிற என் ஜனங்களே, நான் மாட்டோடு பேசிப் பழகினவன். சபை நடுவில் பேசத் தெரியாது. ஆனால் செத்துப்போன என் தம்பி இருபது வருஷத்துக்கும் மேலாக என் முதுகில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யுத்த காலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினோம். அப்பாவும் அம்மாவும் வழியிலேயே காலராவில் போய்விட்டார்கள். தம்பி சாமுவேலை நான்தான் சுமந்தேன். "அண்ணே, தண்ணி" என்பான். ஓடையெல்லாம் பிணம். எதைக் கொடுப்பேன்? "இந்த மலை தாண்டினா நல்ல தண்ணி இருக்குதுடா" என்றேன். தாண்டியதும் இறக்கினேன். உயிர் இல்லை. எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆம்பூருக்கு வந்து ஒற்றை மாட்டு வண்டியில் தண்ணீர் விற்றேன். தோல் பதனிடுகிற ஷாப்புக் கழிவால் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் உப்பு. தூரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பீப்பாயை நிரப்பிவந்து வீடு வீடாக ஊற்றுவேன். வெயில் ஏறும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். என் மனைவி எஸ்தர் எத்தனையோ உபவாசம் இருந்தாள். குரல் போகவில்லை.

அறுபத்து நாலில் மறுபடியும் பர்மாவிலிருந்து ஜனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். ஊருக்கு வெளியே அவர்களுக்குக் கொட்டகை போட்டு முகாம் வைத்தார்கள். அங்கேயும் உப்புக் கிணறுதான். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. அந்த நேரம் பார்த்து என் பீப்பாய் உளுத்து உடைந்தது. குரல் ஜாஸ்தியானது. எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, அவன் வாயை மூடும். இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று கதறினேன்.

அப்போதுதான் சபைகளின் நிவாரணக் கமிட்டி சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு மானியம் தருகிறது என்று எஸ்தர் கேள்விப்பட்டு வந்தாள். போய்க் கேட்டேன். "திருப்பித் தர வேணாம்பா. ஆனா அது முகாமுக்கும் ஊருக்கும் உதவற தொழிலா இருக்கணும். ஓட்டிக் காட்டு, வந்து பாக்கறோம்" என்றார் கமிட்டிக்காரர்.

பீப்பாய் இரவல் வாங்கி முகாமுக்கு ஓட்டினேன். அவ்வளவுதான், ஊரே கதவைச் சாத்தியது. முகாமுக்குப் போன தண்ணீரில் காலரா வருமாம்! முதலில் சாத்தியது புஷ்பம் அக்கா. நம்ம சபைதான், காணிக்கைப் பை பிடிக்கிறவர்.

கமிட்டிக்காரர் வந்து தெருமுனையில் நின்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. குரல் காதுக்குள்ளேயே கேட்டது. ஓடிவிடலாம் என்று மாட்டை விரட்டினேன். அது வழக்கம்போல புஷ்பம் அக்கா வாசலில் நின்றுகொண்டது. அடித்தேன். அசையவில்லை. சக்கரத்தில் தலையை வைத்து, "ஆண்டவரே, இனிமேல் நீர்தான்" என்று அழுதேன்.

கதவு திறந்தது. "இன்னாய்யா, என் வாசல்லயே நிறுத்தி என் மானத்த வாங்கற?"

"நான் நிறுத்தலக்கா. பழகின வாசல். போவ மாட்டேங்குது."

அக்கா மாட்டையே பார்த்தார். உள்ளே போனார். விளக்குமாறு வரப்போகிறது என்று நினைத்தேன். குடம் வந்தது.

"நாலு நாளா இந்த உப்புத் தண்ணில பருப்பு வேவல. ஊத்து." ஒரு கை பிடித்து எல்லார் எதிரிலும் குடித்தார். பிறகு தெருவைப் பார்த்து, "ஒளிஞ்சினு இன்னா பாக்கறீங்க? கொடத்த எடுத்துக்கினு வாங்கடி!" என்றார்.

மானியம் கிடைத்தது. புதுப் பீப்பாயோடு முகாமுக்குப் போனேன். மூடியைத் திறக்கும்போது பின்னாலிருந்து, "அண்ணே, தண்ணி." திரும்பினேன். இந்த முறை ஆட்கள் இருந்தார்கள். தகரமும் சட்டியும் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையே நின்றது. அழுதுகொண்டே ஊற்றினேன்.

குரல் இன்றைக்கும் வருகிறது. மறைக்க மாட்டேன். அவன் வாயை மூடச் சொன்னேன்; ஆண்டவர் என் கையில் தண்ணீரைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். உங்களையும் ஏதாவது துரத்தினால், போகச் சொல்லி மட்டும் ஜெபிக்காதீர்கள். அது கேட்பதைக் கொடுக்க வழி கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், தருவார்.

வெயில் ஏறுகிறது. நான் கிளம்புகிறேன். தம்பி கேட்கிற நேரம்.