முப்பத்திரண்டு கடைகளின் அளவு

உள்ளங்கை சுவரில் மெல்ல நகர்கிறது. ஒரு கடை முடிந்து அடுத்த கடை தொடங்கும் இடம் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது, கண்ணுக்குப் புலப்படாது. பழைய தையலைத் தொட்டதுபோல விரல்கள் ஓரிடத்தில் நிற்கின்றன. "இங்கதான்." கொண்டையில் செருகிய பென்சிலை உருவி ஒரு கோடு. டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் கணவரிடம், "நல்லா அழுத்திப் பிடிங்க. தூங்கிடாதீங்க" என்று ஒரு அதட்டல்.

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் டைலரக்கா. இதே வரிசையின் நடுக் கடையில் முப்பத்தைந்து வருஷம் தைத்தவர். மிஷினை விற்ற பிறகும் காலையில் தெருவுக்கு வருவது நிற்கவில்லை. தூண்களில் ஒட்டிய போஸ்டர்களை ஈரத்துணி போட்டு ஊறவிட்டுத்தான் எடுப்பார். யாராவது அவசரப்பட்டுச் சுரண்டினால், "மெதுவாப்பா, தோலோட வந்துடும்" என்று பதறுவார். பழைய கடைத்தெருவைக் காக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவி.

"கூட்டத்துக்குப் பதினோரு பேர், போட்டோவுக்குப் பதினாலு பேர், வேலைக்கு நாங்க ரெண்டு பேர்" என்பார் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேணும்னுதான் என்னைக் கட்டிக்கிட்டா."

கட்டடங்களையும் டைலரக்கா ஆட்களாகத்தான் பார்ப்பார். கடிகாரக் கடைக்கு இடது தோள் இறக்கம். பாத்திரக் கடைக்கு வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளம். இப்போது கிடங்காகிவிட்ட தியேட்டரின் டிக்கெட் ஜன்னலைக் கடக்கும்போது அவர் நடை தளரும். அதன் கல் விளிம்பில், எத்தனையோ பேர் முழங்கை ஊன்றி ஊன்றி விழுந்த இரண்டு பள்ளங்கள். தன் முழங்கையை ஒருமுறை அதில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

முனையில் இருப்பது போட்டோக் கடை. படம் எடுக்க வருபவர்கள் மாட்டிக்கொள்ள அங்கே ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். தைத்தது அவர்தான். "ஊர்ல பாதி மாப்பிள்ளைங்களுக்கு அந்த ஒரே கோட்டுதான். முன்னாடி பார்த்தா துரை. பின்னாடி பூரா கிளிப்பு." அவருடைய கல்யாணப் படத்திலும் அந்தக் கோட்டு இருக்கிறது. கணவர் அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. வரிசை இரண்டடி நீண்டு பக்கத்துச் சாலைக்குள் புகுந்திருக்கிறது, வண்டிகள் திரும்ப இடமில்லை, முனைக் கடையை இடிக்க வேண்டும் என்றது நகராட்சியின் நோட்டீஸ். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அளவோடு தர வேண்டும். மூலப் பத்திரத்தில் வரிசையின் நீளம் நானூற்றுப் பன்னிரண்டு அடி. "ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. முனையை வெட்டினா வரிசை பூராவும் பிரிஞ்சு வந்துடும்" என்றார் டைலரக்கா.

முதல் தடவை முப்பத்திரண்டு கடைகளையும் அளந்து கூட்டியபோது புதன்கிழமை. நானூற்றுப் பதினாலு வந்தது. மறுபடி கூட்டினார். அதேதான். பென்சிலைக் கீழே வைத்தார்.

"ரெண்டடிதானே? அங்கங்க கொஞ்சம் குறைச்சு எழுதிடு. யார் பார்க்கப் போறா?" என்றார் கணவர்.

"நான் பார்த்துட்டேனே."

"அப்போ அவங்க சொல்றதுதான் சரின்னு ஆயிடுமே?"

"ஆனா ஆகட்டும். ஆனா இன்னொரு தடவை அளக்கணும்."

வியாழக்கிழமை காலை முதல் கடையிலிருந்து தொடங்கினார்கள். நாலாவது கடையில் கணவர், "கொஞ்சம் இரு. அந்த விரல் அங்க என்ன பண்ணுது?" என்றார்.

டைலரக்கா குனிந்து பார்த்தார். சுவரில் போட்ட கோட்டுக்கும் அவர் படித்த எண்ணுக்கும் நடுவே இடது ஆள்காட்டி விரல் படுத்திருந்தது. மார்போ இடுப்போ, ஒரு விரல் விட்டு அளப்பதுதான் அவர் வழக்கம். உடுப்பு ஆளைப் பிடிக்கக் கூடாது. அவருக்கே தெரியாமல் சுவருக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சுவர் மூச்சு விடாதுடி" என்றார் கணவர்.

விரலை டேப்பில் வைத்துப் பார்த்தார். முக்கால் அங்குலம். முப்பத்திரண்டு கடைக்கு முப்பத்திரண்டு விரல், சரியாக இரண்டடி. கடைப்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்து இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் கடைக்குத் திரும்பி நடந்தார். அன்று மாலை கூட்டியபோது நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஓர் அங்குலம் குறைவாக இருந்தது. அந்த ஓர் அங்குலத்தையும் அப்படியே எழுதினார்.

வெள்ளிக்கிழமை பகலுக்குள் முப்பத்திரண்டு முகப்புகளையும், துணி வெட்டப் பயன்படுத்தும் பழுப்புத் தாளில் வரிசையாக வரைந்து முடித்தார். இறங்கின தோளை நிமிர்த்தவில்லை. டிக்கெட் ஜன்னலின் பள்ளங்களையும் விடவில்லை.

நகராட்சி அலுவலகத்தில் மணி மூன்றரை. பொறியாளர் இளைஞர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே டைலரக்கா சுருட்டிக் கொண்டுவந்த தாளுக்குக் கையை நீட்டினார்.

"மொத்தம் எவ்வளவும்மா வருது?"

"உள்ள இருக்கு தம்பி. நீங்களும் ஒரு தடவை வந்து அளந்து பாருங்க." சுருளை மார்போடு அணைத்துக்கொண்டார். "கையைக் கழுவிட்டு வாங்க."

பொறியாளர் அவரைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார், எழுந்து குழாயடிக்குப் போனார். திரும்பி வந்து ஈரக் கையை நீட்டியபோதும் சுருள் அசையவில்லை. பொறியாளர் கைக்குட்டையைத் தேடி, விரல் விரலாகத் துடைத்து, இரண்டு கைகளையும் ஏந்தினார். டைலரக்கா சுருளை அதில் வைத்தார்.