பதிமூன்று மடங்கு

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நாங்கள் ஆராய்ச்சி செய்த லேபில் பதினாறு பிராசஸர்களைக் கோத்த ஒரு மெஷின் இருந்தது. ஒரு பெரிய கணக்கைப் பதினாறு பங்காக உடைத்து, எல்லாப் பங்கையும் ஒரே நேரத்தில் செய்ய வைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும்? இதற்குப் பதில் தேடித்தான் எங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம். லேபில் எல்லோரும் எடுத்துக்கொண்டது ஒரே வானிலைக் கணக்கு. நாளைக்கு மழை வருமா என்பதைவிட, எத்தனை மடங்கு வேகம் என்பதுதான் எங்கள் கவலை.

அவள் எனக்குப் பக்கத்து மேஜை. ஜோகுபாளையத்திலிருந்து மொபெட்டில் வருவாள். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். நான் வேலூரிலிருந்து வந்து லிங்கராஜபுரத்தில் ரூம் எடுத்திருந்தவன், எதிலும் அவசரக்காரன். அவளுடைய புரோகிராம் பதிமூன்று மடங்கு வேகம் காட்டியது. லேபில் யாருக்கும் கிடைக்காத எண். எங்கள் கைடு வாயெல்லாம் பல்லாக, "தீசிஸை எழுத ஆரம்பிச்சுடும்மா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவளோ எழுத உட்காரவில்லை. "இந்தப் பதிமூணு, எதைவிடப் பதிமூணு?" என்று என்னைக் கேட்டாள்.

எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பதினாறு பிராசஸருக்கென எழுதிய அதே புரோகிராமை ஒன்றில் மட்டும் ஓட்டி, அந்த நேரத்தோடு ஒப்பிடுவோம். பதினாறு பேர் சமைக்கிற கல்யாண அண்டாவையும் கோட்டை அடுப்பையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, "எவ்வளவு மெதுவாகச் சமைக்கிறார் பார்" என்று சொல்வது மாதிரிதான். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். யாருக்கும் உறுத்தவில்லை.

அவளுக்கு உறுத்தியது. ஒற்றைப் பிராசஸருக்கென்றே புதிதாக ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினாள். பிராசஸர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் பகுதிகளை வெட்டி எறிந்தாள். ஒரே எண்ணை எடுக்க மறுபடி மறுபடி மெமரிக்கு ஓடாதபடி கணக்கின் வரிசையையே மாற்றினாள். இந்தப் புரோகிராம் வேகமாக ஓட ஓட, அதோடு ஒப்பிடும் அவளுடைய பதிமூன்று குறையும். ஸ்காலர்ஷிப் வேறு முடிய இருந்தது. தன்னைத் தோற்கடிக்கப் போகிறவனுக்குத் தானே சோறு போட்டு வளர்க்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

"உனக்கென்ன கிறுக்கா? பேசாம இருந்தா பட்டம் தானா வருமே!"

"சும்னே கத்தாதே. இங்க பாரு, சக்கத்தா ஓடுது" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லித் திரையைக் காட்டினாள்.

பிரமாதமாக ஓடத்தான் ஓடியது. பதிமூன்று, ஐந்தாக இறங்கியது.

"அஞ்சை வெச்சுக்கிட்டு எக்ஸாமினர் முன்னாடி எப்படிம்மா நிக்கப் போற?" என்றார் கைடு. திட்டவில்லை, பயந்து போயிருந்தார். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் தீசிஸில் ஐந்து என்றே போட்டாள். பதிமூன்று எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர் எக்ஸாமினர் கறாரானவர் என்று பேர் வாங்கியவர். தீசிஸில் ஐந்து என்று போட்டிருந்த பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்த ஒத்தைப் பிராசஸர் புரோகிராம் யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"உங்க நம்பரைக் குறைக்க நீங்களே இவ்வளவு பாடுபட்டீங்களா?"

"என்னைக்காவது வேற யாராவது எழுதியிருப்பாங்க சார். அதுக்குள்ள நானே எழுதிட்டேன்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தீசிஸை மூடிவிட்டுக் கைடு பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் நான் படிச்ச தீசிஸ்ல, நம்பி ஒத்துக்கறது இந்த அஞ்சு மடங்கைத்தான்" என்றார். பட்டம் உறுதியாயிற்று. நான் கை வலிக்கக் கைதட்டினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் லேபில் யார் மடங்குக் கணக்குச் சொன்னாலும், அவள் எழுதிய அந்தப் புரோகிராமோடு ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும் என்றாகிவிட்டது. என் முறையும் வந்தது. என்னுடைய ஒன்பது, நாலாகச் சுருங்கியது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு உட்கார்ந்து, தீசிஸில் நாலு என்று எழுதினேன்.