மூட்டை தூக்காதவன் பேசக்கூடாது

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கந்தர்வக்கோட்டை முந்திரி குடோன்களில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். சுமைதூக்குவோர் சங்கத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். கட்சி தேர்தலில் நிற்கச் சொன்னது. நின்றேன். ஜெயித்தேன். எம்.எல்.ஏ. ஆன கதையைக் கேட்கிறவர்களிடம் இவ்வளவுதான் சொல்வேன். மூட்டைக் கனம் குறைந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. பேச்சுவார்த்தைக்குப் போகிறவன் அன்று காலையில் மூட்டை தூக்கியிருக்க வேண்டும். தூக்காதவன் அங்கே வாய் திறக்கக் கூடாது. விதியைக் கொண்டுவந்தவன் நான்தான். எனக்கு முன்பு செயலாளராக இருந்தவர் மூட்டையைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. முதலாளிகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மூட்டை எண்பது கிலோவாகவே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை. கனம் மறந்துவிட்டது.

எண்பது கிலோ என்றால் எங்களில் பல பேருடைய உடம்பு எடையைவிட அதிகம். அதைத் தலையில் வைத்து, லாரிக்குப் போட்ட பலகை மேல் நடக்க வேண்டும். நாற்பது வயதில் கழுத்து போய்விடும். ஐம்பது கிலோவாகக் குறைக்கக் கேட்டோம். என் காலத்தில் முடியவில்லை.

எனக்குப் பின் செயலாளர் ஆனவர் என்னோடு ஒரே செட்டில் தூக்கியவர். தம்பி என்று கூப்பிடுவேன். நான் ஜெயித்த மூன்றாம் மாதம் அவர் நோட்டீஸ் கொடுத்தார். ஐம்பது கிலோ இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் வேலை நிறுத்தம். வியாழக்கிழமை புதுக்கோட்டை லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆபீசர் தன் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார். நான் பழக்கத்தில் தொழிலாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலாளிகளில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எம்மெல்லே எங்ககிட்டயும் ஓட்டு வாங்குனவுகதான. கொஞ்சம் இங்கிட்டும் நகந்து உக்காரலாம்ல."

நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஐம்பது கிலோ என்று ஆரம்பித்தேன். தம்பி என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, இன்னைக்கு மூட்டை தூக்குனீங்களா?"

"இல்ல."

"அப்பப் பேசாதீங்க. நீங்க வச்சதுதான்."

எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் நன்றாகச் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். தம்பி சொன்னது சரி. அன்று முதலாளிகள் எழுபது வரை இறங்கினார்கள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே வந்ததும் கோபமா என்று தம்பி கேட்டார். இல்லை என்றேன். காலையில் எத்தனை லாரி என்று கேட்டேன். இரண்டு என்றார்.

"என்னையும் செட்டுல சேரு."

"முழங்கா தாங்குமாண்ணே?"

"அது என் பாடு."

காலை ஆறு மணிக்குக் குடோனுக்குப் போனேன். சட்டையைக் கழற்றி, எனக்குப் பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். ஒருவன் படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினான். உள்ளே வை என்றேன்.

முதல் மூட்டையில் பலகை மேல் தடுமாறினேன். இரண்டு பேர் பிடிக்க வந்தார்கள். தள்ளிப் போகச் சொன்னேன். இரண்டாவதில் கால் நின்றது. நான்காவது மூட்டையின்போது அந்த மூத்த முதலாளி வண்டியில் வந்து இறங்கினார். அது அவருடைய சரக்கு.

"எறக்கி வைங்க எம்மெல்லே. எனக்கு அசிங்கமா இருக்கு."

"எனக்கு இல்ல" என்றேன்.

ஒன்பது மூட்டை தூக்கினேன். பத்தாவதுக்கு முழங்கால் ஒத்துவரவில்லை. முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸில் எல்லோரோடும் புதுக்கோட்டைக்குப் போனேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். தம்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஒம்பது தூக்குனேன். எண்பது கிலோ மனுசன் தூக்குற கனமில்ல. அம்பது போடுங்க" என்றேன்.

வேறு எதுவும் பேசவில்லை. மீதியைத் தம்பி பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் இழுத்தது. இருக்கிற சரக்கு பழைய மூட்டையிலேயே போகட்டும், அடுத்த பருவத்திலிருந்து ஐம்பது என்று எழுதினார்கள். மூத்தவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். வேலை நிறுத்தம் நடக்கவில்லை.

ஐம்பது கிலோ மூட்டை வந்த அன்று நான் சென்னையில் சட்டமன்றத்தில் இருந்தேன். தம்பி போன் செய்தார்.

"லேசா இருக்குண்ணே. ஆனா மொதலாளிக, ஒரே தடவைல ரெண்டா ஏத்திக்கங்கன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"மொதலாளியத்தான் மொதல்ல தூக்கிக் காட்டச் சொன்னேன். போயிட்டாக."

நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கூட்டத்துக்கு மணி அடித்தது. உள்ளே போனேன்.