அக்கா மகன் இறந்ததற்குச் சாட்சி

சென்னையில் வெள்ளம் வந்த வருஷத்து மழையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில், பைக்கோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போனவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். வேலை முடிந்து சேலையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். உடல் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதனால் பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள், மூடியபடியே அடக்கம் செய்தோம். அக்கா பெட்டியின் தலைமாட்டில் நின்று சர்ச் சபையாரோடு சேர்ந்து பாடினாள். அடக்கத்தில் பாடுவது எங்கள் வழக்கம். அழுகை முட்டினால் ஒரு அடியை விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, அடுத்த அடியில் சேர்ந்துகொள்வோம்.

யாரோ அதை ஃபோனில் எடுத்து வெளியூர் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது எப்படியோ யூடியூப் சேனல் வைத்திருந்த ஒருவன் கைக்குப் போய்விட்டது. வெள்ளத்தில் யாருமே சாகவில்லை, எல்லாம் நிவாரணப் பணத்துக்கு ஆடிய நாடகம் என்று பேசிக்கொண்டிருந்தவன் அவன். அக்காவின் வாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான்.

"பெத்த தாய் பாடுறாங்க பாருங்க. பெட்டி ஏன் மூடியிருக்கு? உள்ள யாரு? மக்களே, நீங்களே யோசிங்க."

மக்கள் யோசித்தார்கள். முதலில் ஃபோன் வந்தது. அப்புறம் ஆட்களே வந்தார்கள்.

"இன்னாக்கா, புள்ள எங்க கீறான்? துபாயா, சிங்கப்பூரா?" என்று வாசல் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி ஒருவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "பாட்டு ஒண்ணு பாடுக்கா, ரெக்கார்டு பண்ணிக்கிறோம்."

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தலையணை உறையை உதறி, கிளிப் மாட்டிவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பு கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கீழ்வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் ஓடினால் கேட் சத்தம் கேட்காதே என்று அந்த நாட்களில் மிதிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தேன். போலீஸுக்குப் போகலாம் என்று தினமும் நச்சரித்தேன். "போலாம், போலாம்" என்று அக்கா தள்ளிக்கொண்டே போனாள். அவளுக்கும் என்னைப் போலப் பயம் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் ரசம் கொடுக்க மாடிக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, அவன் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இந்தக் கண்றாவியப் பாக்குற? குடு இங்க."

ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பொய்னு தெரியும்டி. நான் என்ன பைத்தியமா? ஆனா எல்லாரும் போயிட்டான், போயிட்டான்னுதான் சொல்றாங்க. இவன் ஒருத்தன்தான் என் புள்ள உயிரோட இருக்கான்னு சொல்றான்."

ரசக் கிண்ணத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அத்தான் போய் வருஷங்களாயிற்று. அவளுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

அப்புறம் கல்லறைத் தோட்டத்தில் அது நடந்தது. அவன் வீடியோவைப் பார்த்த மூன்று நான்கு பையன்கள் கடப்பாரையோடு போய், "தோண்டிப் பாத்துடலாம் ப்ரோ, காலிப் பெட்டிதான்" என்று லைவ் போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் சத்தம் போட்டு விரட்டினார். பிள்ளையின் கல்லறைக் கால்மாட்டில் ஒரு முழம் மண் கிளறிக் கிடந்தது. அக்கா குனிந்து கையாலேயே அதைச் சமப்படுத்தினாள். மண் ஒட்டிய அந்தப் புடவையோடு நேராக சைபர் கிரைம் போலீஸுக்கு வந்து புகாரில் கையெழுத்துப் போட்டாள்.

குரோம்பேட்டையில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். "மிரட்டல், அவதூறு, கல்லறைக்குள்ள அத்துமீறினது, ஆளுங்களைத் தூண்டிவிட்டது, எல்லாத்துக்கும் சட்டம் இருக்கு மேடம். உள்ள போவான்," என்றார் அவர். "ஆனா அவன் பக்கம் முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? பையன் செத்ததை நிரூபிங்கன்னு கேப்பாங்க. உடம்பைப் பாத்து அடையாளம் சொன்னது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இவதான்."

மார்ச்சுவரியில் என்ன பார்த்தேன் என்று அவள் அதுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுத்தது. நடுவில் அவன் வக்கீல் சமாதானத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டுவிடுகிறான், வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றார். மன்னிப்பதுதானே நம் வழி என்று சபையிலும் சிலர் சொன்னார்கள்.

"மன்னிக்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. கேஸு அவனுக்கும் கவர்மென்ட்டுக்கும் நடுவுல," என்றாள் அக்கா.

"ஒத்துக்கயேன்க்கா."

"உனக்குக் கோர்ட்ல பேசப் பயம்."

"ஆமா, பயம்தான். நான் பேசுற அன்னைக்கு நீ வராத."

"வருவேன்."

அவள் தன் சாட்சியத்தை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்ததால் உள்ளே உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கூண்டில் ஏறினேன். அவனை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டை, ஒல்லி உடம்பு, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். தெருவில் எதிரே வந்திருந்தால் பயப்படாமல் நானே வழி கேட்டிருப்பேன்.

"முகத்தைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னீங்களா?" என்று அவன் வக்கீல் கேட்டார்.

"இல்ல சார். காலைப் பாத்து. இடது கணுக்கால்ல தழும்பு. சின்ன வயசுல சைக்கிள் செயின் கிழிச்சது. நான்தான் தையல் போடத் தூக்கிட்டுப் போனேன்."

"தழும்பு யாருக்கு வேணும்னாலும் இருக்கலாமே. முகத்தை ஏன் பார்க்கலை?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "பதில் சொல்லுங்கம்மா," என்றார் மாஜிஸ்டிரேட். அக்கா பின் பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"பாத்தேன் சார். முகம்னு சொல்ல அங்க ஒண்ணும் இல்ல."

'முகம் அடையாளம் காணும் நிலையில் இல்லை' என்று மாஜிஸ்டிரேட் சொல்ல, டைப் அடித்துக்கொண்டார்கள். அவன் வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். பாதி என் புடவையில் கொட்டியது. பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டே கேட்டாள்.

"காலு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுக்கா. அப்படியே இருந்துச்சு."

"அதையாவது சொல்லியிருக்கலாம்ல."

அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சில மாத ஜெயில், அபராதம். வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கடப்பாரையோடு போனவர்களுக்கும் தண்டனை உண்டு. அவன் மேல்முறையீடு போட்டு ஜாமீனில் வெளியே இருக்கிறான். கேட்டைப் பூட்டினேனா என்று இன்றும் ராத்திரியில் எழுந்து பார்க்கிறேன். ஆனால் கேட் பக்கம் இப்போது யாரும் வருவதில்லை. கண்டபடி கமென்ட் எழுதியவர்கள் தங்களுக்கும் சம்மன் வருமோ என்று அழித்துவிட்டு ஓடிவிட்டார்களாம்.

"எல்லா வீடியோவும் போயிடுச்சா?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"எல்லாம் போயிடுச்சுக்கா."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

மறு வாரம் கல்லறைக்குக் கல் வைக்கணும் என்றாள். அத்தனை நாளும் வெறும் மண்ணும் மரச் சிலுவையும்தான். கேம்ப் ரோடு பக்கம் கிரானைட் கடைக்குப் போனோம். பெயரும் இரண்டு தேதிகளும் எழுதித் தரச் சொன்னார் கடைக்காரர். அக்கா ஸ்கூல் டீச்சர், முத்து முத்தாகப் பெயரை எழுதினாள், பிறந்த தேதியை எழுதினாள், பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"அடுத்தத நீ எழுது. நீதான பாத்தவ."

எனக்கு அதிலும் குழப்பம். "எந்த நாளக்கா? வெள்ளம் அடிச்சிட்டுப் போன நாளா, கிடைச்ச நாளா?"

அக்கா மேஜை மேலிருந்த கல்லின் தூசியை விரலால் துடைத்தாள்.

"அடிச்சிட்டுப் போன நாளைப் போடு. அதுக்கப்புறம் நான் காத்துக்கிட்டு இருந்ததெல்லாம் அவன் வயசுல சேராது."