முதலில் வந்தவள் தங்கை

எண்பதுகளின் கடைசியில் மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். கீழ்வீட்டில் ஒரு நைஜீரியப் பெண்மணி, யொருபா இனத்தவர். என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து ‘இயா இபெஜி’ என்றுதான் கூப்பிட்டார். இரட்டையரின் தாய் என்று பொருளாம். பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லி அழைப்பது அவர்களிடம் மரியாதைக் குறைவு.

அந்த அழைப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்தவள் ஒருத்திதான். கால்மணி நேரம் பிந்திப் பிறந்தவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர்கள் “பார்ப்போம்” என்றார்கள். முதல் பிறந்தவளுக்கு நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பெயர் வைத்தாயிற்று.

“மற்றவள் வீட்டை வரட்டும், பிறகு வைப்பம்,” என்றார் என் கணவர்.

நானும் தலையாட்டினேன். வைத்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லி அழவேண்டி வருமோ என்று பயம்.

வெம்பிளிச் சொந்தக்காரர்கள் ஒரு சட்டை, ஒரு தொப்பி என்று கவனமாகக் கொண்டுவந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் சட்டைகளோடு படியேறி வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிக் கத்தினேன். அவர் அசையவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எங்களிடம் இரட்டையருக்குப் பெயர் தேடுவதில்லை. பெயரோடுதான் பிறப்பார்கள்,” என்றார். “முதலில் வருபவள் தாய்வோ, உலகத்தை ருசிபார்க்க வந்தவள். பின்னால் வருபவள் கெஹிண்டே. அவள்தான் மூத்தவள். தங்கையை முன்னால் அனுப்பிவிட்டு, இடம் நல்லதா என்று காத்திருப்பாள். தங்கையின் அழுகையில்தான் அவளுக்குச் செய்தி போகும்.”

நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் போனதும் தொட்டிலைப் பார்த்தேன். வந்த நாள் முதல் ஓயாமல் வீரிட்டுக்கொண்டிருந்தாள் இவள். ஈரம் ஊறிய சுவர், நினைத்தால் மட்டும் எரியும் ஹீட்டர். இவள் என்னென்ன கோள் மூட்டியிருக்கிறாளோ என்று எனக்குப் பதறியது.

“இஞ்சரப்பா, அந்த ஹீட்டரை இண்டைக்கே திருத்துங்கோ.”

“இப்ப என்ன அவசரம்?”

“இவள் தமக்கையிட்டைச் சொல்லிப்போடுவாள்.”

இவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் திருத்தினார். அறை சூடேறியதும் குழந்தை அழுகையை நிறுத்தி உறங்கிப்போனாள்.

மறுநாள் கண்ணாடிப் பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டு, மற்றவளின் காலைத் தொட்டேன். மனதுக்குள் ஒளித்துவைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வீடு இப்போது சூடாக இருக்கிறது என்றும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கீழ்வீட்டுக்காரர் தங்கள் வழக்கப்படி மூத்தவர்களைக் கண்டால் செய்வதுபோல முழங்காலிட்டு வணங்கினார். மஞ்சள் சட்டைக்குள் பிள்ளையைத் தேடவேண்டியிருந்தது.

முதல் பிறந்தவள்தானே அக்கா என்று வெம்பிளிக்காரர்கள் இன்னும் என்னோடு சண்டைக்கு நிற்கிறார்கள். நான் வாய்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், காலையில் முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடுபவள் முந்திப் பிறந்தவள்தான். வெளியே நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்.

“அக்கா, குளிரேல்லை. வா.”