ஏறாத கோடு

அம்பத்தூரில் மின்ரயில் ஏறிய ஒரு குண்டு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒவ்வொரு வரியையும் அழித்ததும் தூசி போக்குவதுபோல் திரையை ‘ஃபூ’ என்று ஊதினார். நான் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“இந்த புரோகிராம யார் வேணா எடுத்துக்கலாம், திருத்தலாம், அண்ணாத்தே. ஆனா மெமரிய வாங்கிகினு திருப்பித் தராம வீங்கி நின்னுடுது. மாத்தி எழுதிக்கீறேன். எவ்ளோ மெமரி தின்னுதுன்னு காட்டுற இந்தக் கோடு ஆவடி வரிக்கும் ஏறலன்னா ஜெயிச்சோம்!”

எனக்குக் கூச்ச சுபாவம். ஆனாலும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. திருமுல்லைவாயிலில் அது லேசாகத் துடித்தது.

“ஏறாத, ஏறாத!” என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

ஆவடி வந்தது. கோடு ஏறவே இல்லை! அவர் கையை உயர்த்தினார், நான் ஓங்கித் தட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம், “ஜெயிச்சிட்டோம்!” என்றேன்.

“இன்னாத்த?” என்றாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எப்படி விளக்குவது? அவரைப்போலவே ‘ஃபூ’ என்று ஊதிக் காட்டினேன்.